ஒன்றே முக்கால் மீட்டர்

பெரிய வியாழன், காலை ஏழு நாற்பது. டயர் கடையில் எட்டேகாலுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு, சாவியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றாள். எக்கார்ட் மேசையை விட்டு எழவில்லை. காப்பிக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு நான்கு தாள்களைப் பரப்பி வைத்திருந்தான். மூன்று பத்திரிகைகளில் வந்த டயர் சோதனைகளை ஐந்து மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து ஒரே பட்டியலாக்கியிருந்தான். கட்டம் போட்டது ஸ்கேல் வைத்து. எழுதியது பென்சிலில்.

"எக்கார்ட், ரெண்டுல ஒன்னு சொல்லு. அக்வில்லாவா, டூரண்டாவா?"

"பொறு."

"இதே பொறுவைத்தான் ஞாயித்துக்கிழமையும் சொன்ன."

"ஞாயித்துக்கிழமை அக்வில்லா முன்னால இருந்துச்சு. நேத்து டூரண்டா முந்திடுச்சு. ரெண்டாவது தசமத்துலதான் வித்தியாசம். கூட்டல்ல தப்பு இருக்கான்னு பாக்கறேன்."

அங்கே பனிக்காலத்துக்கு ஒரு செட் சக்கரம், கோடைக்கு ஒரு செட்; வருடம் இருமுறை மாற்றவேண்டும். கார் இன்னும் குளிர்கால டயரில்தான் நின்றது. கோடைச் சக்கரங்கள் நான்கும் அக்டோபரிலிருந்து டயர் கடைக்காரர் ஸ்லாட்கோவின் கிடங்கில் கிடந்தன. போன வாரம் அவர் போன் செய்தார். ரப்பர் ரெண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம் இருக்கு, இதைத் திரும்ப மாட்ட எனக்குக் கை வராது, புதுசு பாத்துக்கோங்க என்றார். அவர்கள் காரின் அளவில் கைவசம் இரண்டு வகை இருப்பதாகவும் சொன்னார். இரண்டின் விலையும் ஏறக்குறைய ஒன்றே. அன்று மாலையே எக்கார்ட் ஸ்கேலை எடுத்துவிட்டான்.

மார்லிஸ் குனிந்து பார்த்தாள். மேல் வரிசையில் ஒவ்வொரு குணத்துக்கும் அவன் ஒரு எடை போட்டிருந்தான். தேய்மானம், நாற்பது. எரிபொருள், இருபது. காய்ந்த சாலையில் பிரேக், இருபது. இரைச்சல், பத்து. ஈரத்தில் பிரேக், பத்து.

"இந்தப் பத்தை யார் போட்டது?"

"நான்தான்."

"இரைச்சலும் ஈரமும் ஒன்னா?"

"வருஷத்துல எத்தனை நாள் மழை பெய்யுதுன்னு பாத்து, அதுல நீ எத்தனை தடவை அவசரமா பிரேக் போடறேன்னு பாத்துத்தான் போட்டேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை" என்றான் எக்கார்ட். தலை நிமிரவில்லை.

அந்த ஒரு தடவை அக்டோபர் பதினான்காம் தேதி. குளிர்காலச் சக்கரத்துக்கு மாற்ற இன்னும் ஒரு வாரம் இருந்தது. மழை. பேக்கரிக்கு முன்னால், ஆட்கள் தெருவைக் கடக்கும் வெள்ளைக் கோடு. மார்லிஸ் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலி. மூன்றாவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பெண்பிள்ளை, இரண்டாம் வகுப்பு இருக்கும், கோட்டில் கால் வைத்தது. மார்லிஸ் பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது, ஆனால் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறித்தான் நின்றது. பிள்ளை விழவில்லை. ஓடவும் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் பானெட்டின் மேல் வைத்து, காரைத் தானே தள்ளி நிறுத்தியதுபோல் நின்றது. பிறகு கைகளை எடுத்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கடந்து போனது.

அன்று இரவே எக்கார்டிடம் சொன்னாள். அவன் நிலஅளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்ப்பவன். அடுத்த ஞாயிறு அலுவலகத்தில் தூரம் அளக்கிற கைச்சக்கரத்தைக் கொண்டுவந்து தெருவில் உருட்டினான். கார் மூக்கு எங்கே நின்றது என்று அவளைக் காட்டச் சொன்னான். கோட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டர் அறுபது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டான். நீ ஊருக்குள் அனுமதித்த ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரவில்லை, ஐம்பத்தேழில் வந்திருக்கிறாய் என்றான்.

"டயர் பிரேக் போடாது, மார்லிஸ். ஆள்தான் போடணும்."

அந்தப் பழைய டயரும் அவன் தேர்ந்தெடுத்ததுதான். ஏழு வருடத்துக்கு முன்னால், இதே மேசையில். போன வசந்தத்தில் மாற்றலாம் என்று அவள் கேட்டபோது, சட்டப்படி வேண்டிய ரப்பர் இன்னும் இருக்கிறது, ஒரு கோடை தாங்கும் என்று சொன்னதும் அவன்தான். அதை இருவரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

"மணி ஏழே முக்கால் தாண்டிடுச்சு" என்றாள்.

எக்கார்ட் தாள்களை மடித்து உறையில் போட்டுக்கொண்டான். பென்சிலையும்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மார்லிஸ் ஓட்டினாள். அவன் வேலைக்கு ரயிலில் போகிறவன். இந்தக் காரில் அவன் உட்காருவதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். தேவாலயத்தைத் தாண்டியதும் அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

"வலப்பக்கம்ல போகணும்."

"இது காட்டுப் பாதை."

"அது தெரியுது. ஏன் இந்தப் பாதைன்னு கேக்கறேன். பேக்கரி வழியாப் போனா நாலு கிலோமீட்டர் மிச்சம்."

"தெரியும்."

கண்ணாடித் துடைப்பான் மூன்று முறை போய் வந்தது.

"எப்பலேர்ந்து?" என்றான்.

"அக்டோபர்லேர்ந்து."

"தினமுமா?"

"போகவும் வரவும்."

வளைவில் கார் மெதுவானது. அந்த ஒரு வளைவு முடிகிற வரைக்கும், அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் நினைத்தாள். என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்கும் தெரியாது. எதுவானாலும் போதும். காகிதம் உரசும் சத்தம் கேட்டது. உறையிலிருந்து தாளை எடுத்து, முழங்கால்மேல் வைத்து, பென்சிலால் எழுதினான்.

"எட்டு கிலோமீட்டர். வருஷத்துக்கு இருநூத்தி இருபது நாள். ஆயிரத்தி எழுநூத்தி அறுபது." பென்சிலைக் காதில் செருகினான். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? தேய்மானக் கணக்கே மாறிப்போச்சு."

"எந்தப் பக்கம் மாறுது?"

"டூரண்டா பக்கம்."

மார்லிஸ் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு மூன்றாவது கியருக்கு மாற்றினாள்.

இனிமேல் காட்டுப் பாதையும் கிடையாது. வேலை மாறுவதை மட்டும் அவனிடம் திங்கட்கிழமையே சொல்லியிருந்தாள். ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் அவள் போகவேண்டிய வீடுகளுக்குப் புது வரிசை. முதல் வீடு ஏழு பத்துக்கு, கிழவர் ஹாகின் வீடு. பேக்கரிக்கு நேர் எதிரே. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நேரம். வேறு வழியாகப் போய் அந்த வாசலைச் சேர முடியாது. மாற்றிக் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டாள். காரணம் கேட்டார்கள். சொல்ல வாய் வரவில்லை.

நல்ல டயர் நான்கு போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் இறங்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டயர் கடை முற்றத்தில் கார்கள் மூக்கும் வாலுமாக நின்றன. ஊரே ஈஸ்டருக்குள் சக்கரம் மாற்றிவிட வந்திருந்தது. சுவரோரம் சக்கரங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் சாக்குக்கட்டியில் பெயரும், முன் இடது, பின் வலது என்ற குறிப்பும். உள்ளே நட்டு கழற்றும் காற்றுத் துப்பாக்கியின் அலறல்.

ஸ்லாட்கோ கவுண்டருக்குப் பின்னால் நின்றார். போஸ்னியாவிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது. உள்ளூர்க்காரர்களை விட உள்ளூர்ப் பேச்சு. அவருடைய மாமியாரைக் கடைசி எட்டு மாதம் குளிப்பாட்டியது மார்லிஸ்தான்.

"வாங்க மார்லிஸ். எக்கார்ட் சாரும் வந்திருக்காரே, அதிசயம்தான். லீவா?"

"எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்" என்றான் எக்கார்ட்.

"டயருக்காக லீவு போட்ட மொத ஆளு நீங்கதான்." ஸ்லாட்கோ இரண்டு டயர்களை உருட்டிவந்து கவுண்டரில் சாய்த்து வைத்தார். "இது அக்வில்லா. இது டூரண்டா. எதை மாட்டட்டும்?"

எக்கார்ட் உறையைத் திறந்து தாள்களைக் கவுண்டரில் விரித்தான். காற்றில் பறக்காதபடி ஒரு ஓரத்தில் ஸ்லாட்கோவின் ஸ்டேப்ளரையும் இன்னொரு ஓரத்தில் மிட்டாய்க் கிண்ணத்தையும் வைத்தான்.

"தெளிவா ஒரு விடை இல்ல. அக்வில்லா ஈரத்துல நல்லா நிக்குது. டூரண்டா ரெண்டு மடங்கு உழைக்குது. இன்னைக்குக் காலையில ஒரு புதுத் தகவல் வந்துச்சு, அதைச் சேத்தா டூரண்டா கொஞ்சம் முன்னால வருது. ஆனா இந்தக் கொஞ்சத்தை நம்பலாமான்னு..."

பின்னால் வரிசையில் பச்சை ஜாக்கெட் போட்ட பெரியவர் ஒருவர் நின்றார். "இவரு டயர் வாங்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?" என்றார் பக்கத்து ஆளிடம்.

"பொண்ணு பாக்கும்போது இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டாரு" என்றார் பக்கத்து ஆள்.

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். இருவரும் சக்கர அடுக்கைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஸ்லாட்கோ கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தாள்களைப் பார்த்தார். நேரம் எடுத்துத்தான் பார்த்தார். அவருக்கு அதில் மரியாதை இருந்தது. பிறகு கறுத்த விரலைத் தாளின் உச்சியில் வைத்தார்.

"எக்கார்ட் சார், இது எந்தக் காருக்கு?"

"எங்க காருக்குத்தான்."

"இங்க எழுதியிருக்கு பாருங்க. பதினாறு அங்குலம். அகலம் இருநூத்தஞ்சு."

"ஆமா. சோதனையில அப்படித்தான் இருந்துச்சு."

"உங்க கார் பதினஞ்சு. அகலம் நூத்தி எண்பத்தஞ்சு."

எக்கார்ட் தாளைப் பார்த்தான். பிறகு டயரின் பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் பார்த்தான்.

"மூணு பத்திரிகையுமா?"

"மூணும் அதே அளவுலதான் சோதிப்பாங்க. ஊர்ல அதுதான் அதிகமா ஓடுது. உங்க அளவை இந்த வருஷம் யாருமே சோதிக்கலை."

"டயர் அதே டயர்தானே? அக்வில்லா அக்வில்லாதானே?"

"பேரு அதேதான். அண்ணனுக்குச் சட்டை தச்ச அளவுல தம்பிக்கும் தச்ச மாதிரி இருக்கும். தோராயமாச் சேரும். ரெண்டாவது தசமத்துக்கெல்லாம் சேராது."

காற்றுத் துப்பாக்கி நின்றது. யாரோ ஒரு நட்டைக் கீழே போட்டார்கள். அது உருண்டு ஓய்கிற வரை எக்கார்ட் அசையவில்லை. அவன் காதுமடல் சிவந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வரைபடத்தின் மூலையில் உள்ள அளவீட்டு விகிதத்தை முதலில் பார்க்காமல் ஒரு கோட்டைக்கூடத் தொடாத மனிதன். மார்லிஸுக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஐந்து மாலைகள்தான் நினைவுக்கு வந்தன. அவள் தட்டு கழுவியது. அவன் கட்டம் போட்டது.

"அப்போ இன்னைக்கு வேண்டாம்" என்றான் எக்கார்ட். தாள்களை அடுக்கத் தொடங்கினான்.

"என்னது?"

"அடிப்படையே தப்பு. முதல்லேர்ந்து பாக்கணும். நம்ம அளவுல பழைய சோதனை ஏதாவது இருக்கும். போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம்... தேடினாக் கிடைக்கும்."

"அடுத்து எனக்கு நேரம் மே இருபத்திரெண்டுலதான் இருக்கு" என்றார் ஸ்லாட்கோ.

"அதுவரைக்கும் குளிர்கால டயர்லயே ஓட்டலாம். சட்டம் தடுக்கலை."

"சட்டம் தடுக்கலை சார். வெயில் ஏற ஏற அந்த ரப்பர் குழைஞ்சிரும். பிரேக் போட்டா வழுக்கிக்கிட்டே போகும். மே மாசம் அதுல எங்க வீட்டு ஆளை நான் அனுப்ப மாட்டேன்."

"அஞ்சு வாரந்தானே."

"விடுமுறை ரெண்டு வாரத்துல முடியுது" என்றாள் மார்லிஸ். "ஏழு பத்துக்கு நான் ஹாக் வீட்டு வாசல்ல நிக்கணும்."

"மெதுவாப் போ."

பச்சை ஜாக்கெட் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஊர் கேட்கப் பெருமூச்சு விட்டார்.

எக்கார்டுக்கு வேறொன்று தோன்றியது. முகம் சற்றே தெளிந்தது. "ரெண்டையும் வாங்கினா? முன்னால ரெண்டு அக்வில்லா, பின்னால ரெண்டு டூரண்டா. சராசரி கிடைக்கும்."

"மழையில முன்சக்கரம் நிக்கும், பின்சக்கரம் நிக்காது. கார் சுழன்று, வந்த வழியையே பாத்து நிப்பீங்க. அதை நான் என் கையால செய்யமாட்டேன்." ஸ்லாட்கோ பேனாவை எடுத்தார். வேலைத் தாளில் காரின் எண் ஏற்கெனவே எழுதியிருந்தது. டயர் என்ற கட்டம் மட்டும் காலி. "பட்டியலை விடுங்க சார். டயர்மேலயே சீட்டு ஒட்டியிருக்கு, பாருங்க. இது உங்க அளவுக்கே போட்டது. மழைப் பிடிப்பு. அக்வில்லாவுக்கு முதல் வகுப்பு. டூரண்டாவுக்கு மூணாவது."

"அது தயாரிப்பாளரே தனக்குக் கொடுத்துக்கிற மதிப்பெண்."

"சும்மா கொடுத்துக்க முடியாது. பிடிபட்டா மானம் போயிடும்."

"மூணாவது வகுப்புன்னா எவ்வளவு? மீட்டர்ல சொல்லுங்க."

"எண்பதுல வந்து பிரேக் போட்டா, சுமாரா நாலரை மீட்டர் தள்ளி நிக்கும்."

எக்கார்டின் பென்சில் காதிலிருந்து இறங்கியது. தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி ஓடியது. கணக்கு என்று வந்ததும் அவன் குரல் பழையபடி ஆகிவிட்டது.

"எண்பதுல நாலரை. ஊருக்குள்ள ஐம்பதுதான். வேகத்தோட வர்க்கத்துல குறையும். ஒன்னே முக்கால் மீட்டர்." பென்சிலால் அடிக்கோடிட்டான். "பாத்தியா? மொத்தமே ஒன்னே முக்கால். இதுக்காக முப்பதாயிரம் கிலோமீட்டர் உழைப்பை விடறதா?"

மார்லிஸ் அந்த அடிக்கோட்டைப் பார்த்தாள். ஒன்று புள்ளி ஏழு ஐந்து. அழகான கையெழுத்து. ஏழின் நடுவில் சின்னக் குறுக்குக்கோடு.

"இன்னொரு எண் எழுது" என்றாள்.

"என்ன?"

"அக்டோபர்ல நீ அளந்தியே. கோட்டுலேர்ந்து கார் மூக்கு வரைக்கும்."

"அது வேற விஷயம்."

"எவ்வளவுன்னு சொல்லு."

"உனக்கே தெரியும்."

"ஸ்லாட்கோவுக்குத் தெரியாது."

ஸ்லாட்கோ பேனாவைக் கவுண்டரில் வைத்தார். மிட்டாய்க் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒன்னு அறுபது" என்றான் எக்கார்ட்.

"எழுது."

அவன் எழுதவில்லை. அவள் அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கி எழுதினாள். அவளுடைய கையெழுத்து கோணல். ஒன்று புள்ளி ஏழு ஐந்துக்குக் கீழே, ஒன்று புள்ளி ஆறு பூஜ்யம்.

"கழி. அந்த ஒன்னே முக்கால் இருந்திருந்தா கோட்டுக்கு முன்னாலயே நின்னிருப்பேன்."

"மார்லிஸ், அப்படிக் கழிக்க முடியாது. பழைய டயர் தேஞ்சிருந்துச்சு, அது தனி. அப்புறம் நீ வந்தது ஐம்பத்தேழுல. ஐம்பத்தேழுல வந்தா எந்த டயரும்..."

"ஐம்பதுல வந்தேன்."

"கணக்கு அப்படிச் சொல்லலை."

"புது டயருன்னு வச்சுக்கிட்டுத்தானே அந்தக் கணக்குப் போட்ட?"

எக்கார்ட் அடிக்கோட்டின் மேல் விரல் வைத்தான். தாளைப் பார்த்தான். பின்னால் யாரும் இப்போது சிரிக்கவில்லை. பச்சை ஜாக்கெட் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் மழை வலுத்து, தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது.

"எக்கார்ட் சார்" என்றார் ஸ்லாட்கோ மெல்ல. "நான் என்ன எழுதட்டும்?"

"இதுல ஒரு நிமிஷம் யோசிக்கணும்" என்றான் எக்கார்ட். "ஒரே ஒரு நிமிஷம். சரியா யோசிக்காம..."

மார்லிஸ் பென்சிலைத் தாளின்மேல் வைத்தாள். உள்ளங்கைகள் இரண்டையும் கவுண்டரில் ஊன்றினாள். அவள் குரல் உயரவில்லை.

"யோசி. ஆனா இங்க நின்னு யோசிக்காத. மழை நல்லாத்தான் பெய்யுது. நீ போய் பேக்கரி முன்னால, அந்த வெள்ளைக் கோட்டுல நில்லு. நான் ஐம்பதுல வரேன். இந்த ரெண்டுல எந்த டயர்ல நான் வரட்டும், எக்கார்ட்?"